எந்த உயரத்தில் பறப்பது? பிசினஸ் ஜெட்டுக்குப் பயண உயரம் குறிக்கும் முறை

நீலகிரியிலோ பழனி மலையிலோ வளர்ந்து, கோவை, மதுரை, சென்னைப் பக்கம் ஒரு சார்ட்டர் நிறுவனத்தில் டிஸ்பாட்சராகவோ துணை விமானியாகவோ புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃப்ளைட் பிளானில் பயண உயரத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். மென்பொருள் ஓர் எண்ணைத் தரும். பலரும் அதை அப்படியே நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்திருந்தால்தான், அது பொருந்தாமல் வரும் நாளில் உங்கள் கண்ணில் படும்.

'ஜெட் என்றால் எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு லாபம்' என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தூரமும் எடையும் அன்றைய வெப்பமும் காற்றும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. அதிலும் நம் தென்னாட்டு வானத்துக்கென்று இரண்டு குணங்கள் உண்டு. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட பாடப்புத்தகங்கள் அவற்றைப் பெரிதாகப் பேசுவதில்லை. கட்டுரையில் அதிக இடத்தை அவற்றுக்கே கொடுத்திருக்கிறேன்.

மேலே போனால் ஏன் மிச்சம்

40,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குதான். காற்று மெலிந்திருப்பதால், அதே எதிர்ப்பைச் சமாளித்துக்கொண்டு விமானம் இன்னும் வேகமாகப் போகலாம். எஃப்எல் 410-ல் (எஃப்எல் என்பது ஃப்ளைட் லெவல், நூறு அடிக் கணக்கு; 410 என்றால் 41,000 அடி) வேகமானி 220 நாட், அதாவது மணிக்கு 220 கடல் மைல், காட்டும்போது உண்மை வேகம் 400 நாட்டைத் தாண்டியிருக்கும். ஜெட் எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றும் பிடிக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஒரு கிலோ எரிபொருளுக்குக் கிடைக்கும் தூரம் கூடுகிறது.

மேலே போகப் போகக் குளிரும் என்பதை மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் வேர்த்துக்கொண்டு ஏறியவர் ஊட்டியில் ஸ்வெட்டரோடு இறங்குவார். 1,000 அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும் என்ற அதே கணக்குதான் வானத்திலும். உலகம் முழுக்க விமானப் புத்தகங்கள் அடிப்படையாக வைத்திருக்கும் ஐசா என்ற பொது அளவுகோல், கடல் மட்டத்தில் 15 டிகிரியில் தொடங்கி 36,089 அடியில் மைனஸ் 56.5 வரை இறங்கி, அதற்கு மேல் அப்படியே நின்றுவிடுகிறது. இந்த 'நின்றுவிடுகிறது' என்பதை ஞாபகத்தில் வையுங்கள். நம் ஊர் வானத்தில் அது அங்கே நிற்பதில்லை.

முதலில் தூரத்தைப் பாருங்கள்

கோவையிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 220 கடல் மைல். இறங்குவதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 கடல் மைல், வேகத்தைக் குறைக்க மேலும் ஒரு 10. எஃப்எல் 410-லிருந்து இறங்கச் சுமார் 130 கடல் மைல் தேவைப்படும். ஏறுவதற்கும் அதற்குக் குறையாத தூரம் போகும். இரண்டையும் கூட்டினால் 260. பாதையே 220 தான். அதாவது 410-ஐத் தொடுவதற்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும்.

அதே பாதையில் எஃப்எல் 270 அல்லது 290 போட்டால் ஏறச் சுமார் 80, இறங்கச் சுமார் 95 என்று போய், சமமாகப் பறக்க 45 கடல் மைலாவது மிஞ்சும். ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் செலவாகிறது. ஏறிய உயரத்தில் கொஞ்ச நேரமாவது பறந்தால்தான் அந்தச் செலவு திரும்பிவரும். மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்காவது சமமாகப் பறக்கக் கிடைக்கும் உயரத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். குறுகிய பாதைகளில் அந்த அளவுக்கு எப்போதும் கிடைக்காது. நான் குறைந்தது ஐந்து நிமிடமாவது கேட்பேன்.

கோவை–மும்பை சுமார் 540 கடல் மைல். இங்கே 380, 400 எல்லாம் தாராளமாகப் பொருந்தும். துபாய் 1,500, சிங்கப்பூர் 1,700 என்று போகும்போது தூரம் ஒரு தடையே இல்லை. மற்றவை பேசத் தொடங்கும்.

ஒற்றையா, இரட்டையா

பாதையின் காந்தத் திசை 000 முதல் 179 வரை இருந்தால் ஒற்றைப்படை உயரம்: 290, 310, 330 என்று (ஆயிரம் அடிக் கணக்கில் 29, 31, 33). 180 முதல் 359 வரை என்றால் இரட்டைப்படை: 300, 320, 340. எஃப்எல் 290-க்கும் 410-க்கும் நடுவே 1,000 அடி இடைவெளி போதும் என்ற ஆர்.வி.எஸ்.எம். முறை இந்திய வானில் 2003-ல் வந்தது. உங்கள் விமானத்துக்கு அந்த அனுமதி இல்லையென்றால், சாதாரணமாக 290-க்குக் கீழேயே இருக்க வேண்டியதுதான்.

புதியவர்கள் தடுமாறும் இடம் 410-க்கு மேலே. அங்கே இடைவெளி மறுபடி 2,000 அடியாகிறது. கிழக்கே போகிறவர்களுக்கு 450, 490. மேற்கே போகிறவர்களுக்கு 430, 470, 510. எண்ணைப் பார்த்தால் 430 ஒற்றைப்படை போலத் தெரியும், ஆனால் அது மேற்கே போகும் உயரம். இதை மனப்பாடமே செய்துவிடுங்கள்.

டெல்லிப் பாதை தனி. கோவையும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. நேர்கோட்டுத் திசை 000-ஐ ஒட்டியே வருவதால், வரைபடத்தில் கோடு போட்டு ஒற்றையா இரட்டையா என்று தீர்மானிக்க முடியாது. விமானப் பாதையின் ஒவ்வொரு துண்டும் எந்தப் பக்கம் சாய்கிறது, அந்தப் பாதைக்கு ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) என்ன உயரங்களை ஒதுக்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

எடை

10 சதவீதம் எடை கூடினால் தோதான உயரம் சுமார் 2,000 அடி இறங்கும். இந்த ஒரு வரி போதும், பாதி வேலை முடிந்தது. முழு டாங்கோடு துபாய் கிளம்பும் விமானத்தை முதலிலேயே 430-க்கு அனுப்பக் கூடாது. 380-ல் தொடங்கி, எரிபொருள் தீரத் தீர 400, 430 என்று படிப்படியாக ஏற்றுவதே முறை. அந்தப் படிகளை ஃப்ளைட் பிளானிலேயே எழுதிவிடுங்கள்.

எடை மீறி மேலே போனால் வேறொரு சங்கடமும் உண்டு. உயரம் கூடக் கூட, இறக்கை தாங்காமல் போகும் குறைந்த வேகமும், ஒலி வேகத்தை நெருங்கி விமானம் அதிரத் தொடங்கும் மேல் வேகமும் ஒன்றையொன்று நெருங்கிவரும். அந்த இடைவெளிக்குள்தான் நீங்கள் பறக்க வேண்டும். விமானத்தின் கையேட்டில் 1.3 ஜி (இறக்கை தாங்கும் பாரம் எடையைப் போல 1.3 மடங்கு) என்று ஒரு கோடு இருக்கும். சுமார் 40 டிகிரி சாய்ந்து திரும்பினாலும் அதிர்வு வராது என்பதற்கான அளவு அது. மழைக்காலத்தில் காற்று குலுக்கும் என்று தெரிந்தால் அந்தக் கோட்டைத் தொடும் உயரத்தைப் போடாதீர்கள்.

நம் வானத்தின் முதல் குணம்: நடுவில் வெதுவெதுப்பு, உச்சியில் கடுங்குளிர்

ஐசா கணக்குப்படி எஃப்எல் 340-ல் மைனஸ் 52 டிகிரி இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு மேலே அங்கே வழக்கமாக மைனஸ் 41, 42 தான் இருக்கும். அதாவது ஐசாவைவிடப் பத்து டிகிரி அதிகம். எஃப்எல் 300-ல் வித்தியாசம் இன்னும் சற்றுக் கூடும். ஆனால் 390 வாக்கில் வித்தியாசம் மூன்று நான்கு டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. 450-ல் தலைகீழாகிறது: ஐசா மைனஸ் 56.5 என்று சொல்ல, அங்கே உண்மையில் மைனஸ் 67 வாக்கில் இருக்கும். ஐரோப்பாவில் 36,000 அடியை ஒட்டி வெப்பம் இறங்குவது நின்றுவிடும். நம் பக்கம் அது 54,000 அடி வரைக்கும் இறங்கிக்கொண்டே போகிறது.

இதனால் வேலையில் என்ன மாறுகிறது? எந்த உயரம் தோது என்பதை இறக்கை சொல்கிறது. அங்கே ஏற முடியுமா என்பதை எஞ்சின் சொல்கிறது. வெதுவெதுப்பான காற்றில் எஞ்சின் தள்ளும் விசை குறையும். பாரத்தோடு கிளம்பிய விமானம் 300-க்கும் 370-க்கும் நடுவே மூச்சுவாங்கும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 500 அடிக்குக் கீழே வரும், ஏ.டி.சி. 'ஏறுகிறீர்களா இல்லையா' என்று கேட்பார்கள். ஆனால் அந்தப் பட்டையைத் தாண்டி 390-ஐ எட்டிவிட்டால் எஞ்சின் மறுபடி தெம்பாகும்.

ஆகவே கையேட்டைத் திறக்கும்போது ஐசா பக்கத்தைப் பார்க்காதீர்கள். ஐசா கூட்டல் 10 பக்கத்தைத் திறங்கள். உங்கள் எடைக்கு, அந்தப் பக்கத்தில், நிமிடத்துக்கு 300 அடியாவது ஏறும் தெம்பு மிஞ்சும் உயரம் எது என்று பாருங்கள். அதுதான் உங்கள் கூரை. விளம்பரத் தாளில் 45,000 அடி என்று போட்டிருப்பது சட்டம் அனுமதிக்கும் உச்சம். பாரத்தோடு கிளம்பும் நாளில் உங்கள் விமானம் எட்டும் உயரம் அதுவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அன்றைய வெப்பம் எங்கே கிடைக்கும்? காற்று வரைபடத்திலேயே ஒவ்வொரு புள்ளியிலும் எழுதியிருக்கும். எஃப்எல் 300, 340, 390, 450 என்று உயரவாரியாக வரைபடங்கள் வரும். விமான நிலையத்து வானிலை அலுவலகமும், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணைய வழி பிரீஃபிங்கும் இவற்றைத் தருகின்றன. நான்கையும் எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை ஊகிப்பது நம் வானத்தில் செல்லாது.

நம் வானத்தின் இரண்டாவது குணம்: ஆடிக் காற்று மேலே எதிர்த்திசையில்

ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியின் மேற்குச் சரிவை அறைவது மேற்கிலிருந்து வரும் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் நுழைவதும் அதுதான். ஆனால் அதே நாட்களில் நம் தலைக்கு மேலே, 45,000 அடிக்கும் 53,000 அடிக்கும் நடுவே, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் இதை வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்று அறிந்தது. தென்னிந்தியாதான் இதன் முக்கியமான பாதை. மையத்தில் 60 முதல் 80 நாட் வரை வீசுவது சாதாரணம். 390-ல் அதில் பாதி வாக்கில் இருக்கும், 300-ல் இன்னும் குறைவு.

பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் இதன் கீழ் விளிம்பைத்தான் தொடுகின்றன. 450, 470 என்று போகிற பிசினஸ் ஜெட்தான் இதன் நடுவுக்குள் நுழைகிறது. அதனால்தான் இதை நாம் தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் பாடத்துக்காக நான் வைத்தவை, நீங்கள் உங்கள் விமானத்தின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை மாதம் சிங்கப்பூர் போகிறோம், சமமாகப் பறக்கும் தூரம் 1,200 கடல் மைல் என்று கொள்வோம். எஃப்எல் 370-ல் உண்மை வேகம் 410 நாட், எதிர்காற்று 30, தரைவேகம் 380. மூன்று மணி 9 நிமிடம் ஆகும். மணிக்கு 450 கிலோ எரிந்தால் மொத்தம் சுமார் 1,420 கிலோ. எஃப்எல் 450-ல் உண்மை வேகம் 400, எதிர்காற்று 70, தரைவேகம் 330. மூன்று மணி 38 நிமிடம். மணிக்கு 380 கிலோ என்றால் மொத்தம் சுமார் 1,380 கிலோ.

நாற்பது கிலோ மிச்சம், அரை மணி நேரம் நஷ்டம். எஞ்சின் பராமரிப்புக் கட்டணம் மணிக்கணக்கில்தான் ஏறும், பணியாளர் வேலை நேரமும் அப்படியே. நான் 370-ஐத்தான் போடுவேன். ஆனால் எரிபொருள் இறுக்கமாக இருக்கும் நாளில் 450-க்கும் ஒரு நியாயம் உண்டு.

அதே ஜூலையில் துபாய் போனால் கேள்வியே இல்லை. அதே காற்று முதுகில் தள்ளும். எடை இடம் கொடுத்ததும் 430-க்கு ஏறுங்கள், 470 முடிந்தால் இன்னும் நல்லது. அரபிக் கடலைத் தாண்டி வடக்கே போகப் போகக் காற்று மாறும், அதையும் துண்டு துண்டாகப் பாருங்கள்.

குளிர்காலத்தில் கதை வேறு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வட இந்தியாவுக்கு மேலே 39,000 அடியை ஒட்டி மேற்குக் காற்று 100 நாட்டைத் தாண்டும். டெல்லிப் பாதைக்கு அது பக்கக் காற்று, அதனால் நேரம் அதிகம் மாறாது. ஆனால் அதன் விளிம்பில் மேகமே இல்லாமல் குலுக்கும். வரைபடத்தில் அந்தப் பட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, 4,000 அடி மேலேயோ கீழேயோ விலகிப் போடுவது பயணிகளுக்கு நீங்கள் செய்யும் நல்ல காரியம்.

இடிமேகம்

சித்திரை, வைகாசி வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் எழும் இடிமேகங்களின் தலை 50,000 அடியைத் தாண்டும். 'மேலே ஏறித் தாண்டிவிடலாம்' என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். இருபது கடல் மைல் விலகிச் சுற்றிப் போவதுதான் வழி, அதற்கான எரிபொருளை முன்பே ஏற்றுங்கள். உயரத்தின் பலன் இங்கே வேறு விதமானது: 410-க்கு மேலே இருந்தால் பஞ்சுக் கூட்டத்திலிருந்து தனித்து நிற்கும் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியும், எந்தப் பக்கம் சுற்றுவது என்று முடிவெடுப்பது சுலபம்.

கேபினுக்குள் எந்த ஊர்?

விமானம் 45,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் 8,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது வடிவமைப்பு விதி. ஊட்டி சுமார் 7,350 அடி. தொட்டபெட்டா உச்சி 8,650. அந்த வரம்பு இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கொடைக்கானல் 7,000 அடி. ஆக, மலையில் பிறந்தவர்கள் வாழ்நாளெல்லாம் கேபின் உயரத்தில்தான் வாழ்ந்திருக்கிறார்கள். சமவெளியிலிருந்து வரும் பயணிக்கு மூன்று மணி நேரம் ஊட்டி உயரத்தில் உட்கார்ந்தால் லேசான தலைவலி, அசதி வரலாம்.

உள்ளே வெளியே அழுத்த வித்தியாசம் 8.9 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 8.9 பவுண்டு) வரை தாங்கும் ஒரு சிறிய ஜெட்டை எடுத்துக்கொள்வோம். எஃப்எல் 350-ல் கேபின் சுமார் 4,700 அடி. 410-ல் 6,600, அதாவது குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே. 450-ல் 7,700, ஊட்டியைவிடச் சற்று மேலே. வயதானவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், கைக்குழந்தைகள் வருகிறார்கள் என்றால் 410-ஐவிட 370-ஐ விரும்புங்கள். கொஞ்சம் எரிபொருள் கூடும், பரவாயில்லை.

ஏர் ஆம்புலன்ஸ் என்றால் இந்தக் கணக்குதான் முதல் கணக்கு, மற்றதெல்லாம் பிறகு. உடலுக்குள் அடைபட்ட காற்று 8,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு விரியும். மார்புக்குள் காற்று சேர்ந்திருப்பவர், குடல் அடைப்பு உள்ளவர், தலையில் அடிபட்டவர் ஆகியோருக்கு மருத்துவர் 'கேபினைத் தரை மட்டத்தில் வையுங்கள்' என்று கேட்பார். மேலே சொன்ன விமானத்தில் கடல் மட்ட அழுத்தத்தை எஃப்எல் 230 வரைதான் தர முடியும். அந்த உயரத்தில் எரிபொருள் எவ்வளவு ஆகும், நடுவில் இறங்கி நிரப்ப வேண்டுமா என்பதை நோயாளியை ஏற்றுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். அவசரத்தில் அவர் சொல்ல மறக்கக்கூடும்.

அழுத்தம் போனால்

410-ல் கேபின் அழுத்தம் சட்டென்று போனால் தெளிந்த புத்தியோடு இயங்கக் கிடைப்பது பத்து விநாடி வாக்கில்தான். 450-ல் அதுவும் இல்லை. அமெரிக்க விதிப்படி 410-க்கு மேலே ஒரு விமானி முகமூடியை அணிந்தேதான் இருக்க வேண்டும். நீண்ட பயணத்தில் அது களைப்பூட்டும். 450-ஐப் போடுவதற்கு முன் இதையும் எடை போடுங்கள்.

அப்புறம் அவசரமாக இறங்குவது. எல்லோரும் 10,000 அடி என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளுக்கு மேலே அது போதாது. தொட்டபெட்டாவோடு பாதுகாப்பு இடைவெளி 2,000 அடியைச் சேர்த்தால் 10,650 வருகிறது. ஆனைமலையின் ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டாவைவிடவும் உயரம். மேகம் மூடிய நாளில் 10,000 என்று டயலைத் திருப்புவது பாதுகாப்பு இடைவெளிக்குள் இறங்குவதற்குச் சமம். கோவையிலிருந்து மேற்கேயோ தெற்கேயோ போகும் ஒவ்வொரு பிளானிலும் முதல் 60 கடல் மைலுக்கு, வரைபடத்தில் கட்டத்துக்குக் கட்டம் எழுதியிருக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். இந்த ஒன்றில் சோம்பல் வேண்டாம்.

பறக்கும்போது

நீங்கள் கேட்ட உயரம் கிடைக்காமலும் போகலாம். மும்பையை நெருங்கும்போது முன்கூட்டியே கீழே இறக்கிவிடுவார்கள், பெங்களூரு, சென்னைப் போக்குவரத்துக்காக 280-லேயே நிறுத்திவைப்பார்கள். அதனால் இரண்டாவது விருப்ப உயரத்துக்கும் எரிபொருள் கணக்குப் போட்டுக் கையில் வைத்திருங்கள். மேலே போன பிறகு, வரைபடம் சொன்ன காற்றையும் விமானத்தின் கணினி காட்டும் காற்றையும் ஒப்பிடுங்கள். 20 நாட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மேல், கீழ் உயரங்களில் இருக்கும் விமானங்களின் நிலவரத்தை ஏ.டி.சி.யிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பழகுவதற்குக் கோவை–ஹைதராபாத் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 380 கடல் மைல், திசை 12 டிகிரி வாக்கில், ஆகவே ஒற்றைப்படை. 330, 350, 370 மூன்றுக்கும் ஏறும் தூரம், இறங்கும் தூரம், மிஞ்சும் தூரம் எழுதுங்கள். ஐசா கூட்டல் 10 பக்கத்திலிருந்து எரிபொருளை எடுங்கள். அன்றைய 340, 390 வரைபடங்களிலிருந்து காற்றை எடுங்கள். கையால் போட்டு முடித்த பிறகு மென்பொருளைத் திறந்து, அது சொல்லும் எண்ணோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் காரணம் எடையிலா, வெப்பத்திலா, காற்றிலா என்று தேடி, அதே தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.